புஷ் ஆகாத ரெப்போ, ஊதிப்போன ரெப்போ: கிட்டில் பெரிய ஃபைல் மாட்டினால் பார்க்க வேண்டியவை

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்தவர் யாராவது ஒருநாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வந்து "அண்ணா, புஷ் ஆக மாட்டேங்குது" என்பார். "என்ன ஃபைல் போட்டே?" என்று கேட்டால் "புதுசா ஒண்ணும் போடலையே" என்றுதான் பதில் வரும். உள்ளே போய்ப் பார்த்தால் டெமோ வீடியோ, டேட்டாபேஸ் டம்ப், மெஷின் லேர்னிங் மாடல், ஃபோட்டோஷாப் ஃபைல் ஆகிய நாலில் ஒன்று உட்கார்ந்திருக்கும். திரும்பத் திரும்ப இதையே சரிசெய்து கொடுத்ததில், எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது என்று ஒரு வரிசை கைக்கு வந்துவிட்டது. அதை அப்படியே எழுதுகிறேன்.

புதியவர்களுக்கு ஒரு வரி: கிட் என்பது கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி, ரெப்போ அந்தப் பதிவுகள் இருக்கும் ஃபோல்டர், கமிட் ஒரு பதிவு, பிராஞ்ச் பதிவுகளின் ஒரு கிளை, புஷ் என்றால் பதிவுகளைச் சர்வருக்கு அனுப்புவது, ஃபெட்ச்சும் புல்லும் அங்கிருந்து எடுப்பது, க்ளோன் முழு ரெப்போவையும் இறக்குவது. கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எதில் கைவைப்பதானாலும், முதலில் ரெப்போ ஃபோல்டரை அப்படியே வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். மறைந்திருக்கும் .கிட் ஃபோல்டரும் அதில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் 'கிட் ரீசெட் --ஹார்டு' அடித்து, கமிட் ஆகாமல் கிடந்த ஒரு பையனின் மூன்று மணி நேர வேலையை நானே அழித்திருக்கிறேன். அதற்கப்புறம் காப்பி எடுக்காமல் எதையும் தொடுவதில்லை.

## அறிகுறி 1: புஷ் மறுக்கப்படுகிறது, ஃபைல் பெரியது என்கிறது

கிட் ரெப்போக்களை இணையத்தில் வைத்திருக்கும் தளமான கிட்ஹப்பில் ஒரு ஃபைல் 50 எம்பியைத் தாண்டினால் எச்சரிக்கை வரும், ஆனால் புஷ் ஏறிவிடும். 100 எம்பியைத் தாண்டினால் அந்தப் புஷ் முழுவதுமே திரும்பி வந்துவிடும். பிழைச் செய்தியில் ஜிஎச்001 என்ற குறியும், ஃபைலின் பெயரும் அளவும் இருக்கும். கடைசிப் பக்கம் ஒரு வரியில் 'ப்ரீ-ரிசீவ் ஹுக் டிக்லைன்டு' என்று வரும். அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு, பர்மிஷன் இல்லை போலிருக்கிறது என்று அட்மினுக்கு மெயில் தட்டுகிறவர்கள் உண்டு. நாலைந்து வரி மேலே போய்ப் படியுங்கள், எந்த ஃபைல் என்று அங்கேயே எழுதியிருக்கும்.

### ஃபைல் கடைசி கமிட்டில்தான் இருக்கிறது

இதுதான் இருப்பதிலேயே சுலபம். 'கிட் ஆர்எம் --கேச்டு' என்று அடித்து ஃபைல் பெயரைக் கொடுங்கள். ஃபைல் உங்கள் டிஸ்க்கில் அப்படியே இருக்கும், கிட்டின் கணக்கிலிருந்து மட்டும் போய்விடும். அதன் பெயரை .கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளக்கூடாத ஃபைல்களின் பட்டியல்) சேர்த்து அதையும் ஆட் செய்துவிட்டு, 'கிட் கமிட் --அமெண்ட்' கொடுங்கள். புது கமிட் போடக்கூடாது, பழைய கமிட்டையே திருத்த வேண்டும். இப்போது புஷ் போகும்.

.கிட்இக்னோரில் மட்டும் பெயரைச் சேர்த்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பார்கள். ஏற்கெனவே கிட் கணக்கில் ஏறிய ஃபைலை அது கண்டுகொள்ளாது.

### "டெலீட் பண்ணிட்டேன், அப்பவும் அதே எரர்"

என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் இதுதான். போன மாதம் வந்ததைச் சொல்கிறேன். புஷ் ஆகாமல் நாலு கமிட்கள் நின்றன: லாகின் பேஜ், டெமோ, ஃபிக்ஸ், ரிமூவ் வீடியோ. இரண்டாவதில் வீடியோ ஏறியிருக்கிறது, நாலாவதில் டெலீட் ஆகியிருக்கிறது. ஃபோல்டரில் வீடியோ இல்லை. ஆனால் புஷ் என்றால் நாலு கமிட்டும் சேர்ந்தே போகும், இரண்டாவதோடு வீடியோவும் ஒட்டிக்கொண்டு போகும்.

எந்த கமிட்டில் ஏறியது என்று பார்க்க 'கிட் லாக் --ஸ்டாட் ஆரிஜின்/மெயின்..ஹெட்' அடியுங்கள். ஆரிஜின்/மெயின் என்பது சர்வரில் உள்ள மெயின் பிராஞ்ச், ஹெட் என்பது நீங்கள் இப்போது நிற்கும் இடம். அன்றைக்கு இரண்டாவது கமிட்டுக்குக் கீழே 'பின் 0 -> 149946368 பைட்ஸ்' என்று நின்றது. 143 எம்பி.

கமிட்களைத் தனித்தனியாக வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லையென்றால், 'கிட் மெர்ஜ்-பேஸ் ஹெட் ஆரிஜின்/மெயின்' அடியுங்கள். அது ஒரு கமிட் எண்ணைத் தரும். 'கிட் ரீசெட் --சாஃப்ட்' என்று அடித்து அந்த எண்ணைக் கொடுங்கள். உங்கள் மாற்றங்கள் எல்லாம் ஸ்டேஜில், அதாவது அடுத்த கமிட்டுக்குத் தயாராக, நிற்கும், வீடியோ ஏற்கெனவே டெலீட் ஆனதால் அங்கே வராது. ஒரே கமிட்டாகப் போட்டுப் புஷ் செய்யுங்கள். நேராக ஆரிஜின்/மெயினுக்கே ரீசெட் செய்யச் சொல்லும் குறிப்புகளும் கிடைக்கும். அதற்குள் மெயினில் வேறு யாராவது புஷ் செய்து நீங்கள் ஃபெட்ச்சும் எடுத்திருந்தால், அவர் எழுதியதை நீங்கள் அழித்ததுபோல் ஸ்டேஜில் வந்து நிற்கும். கவனிக்காமல் கமிட் செய்தால் நிஜமாகவே அழிந்துவிடும்.

கமிட்கள் தனித்தனியாக வேண்டும் என்றால் 'கிட் ரீபேஸ் -ஐ'. வீடியோ ஏறிய கமிட்டுக்கு 'எடிட்', அதை நீக்கிய கமிட்டுக்கு 'ட்ராப்' என்று குறித்துக்கொள்ளுங்கள். ரீபேஸ் அந்த இடத்தில் நிற்கும்போது மேலே சொன்ன ஆர்எம் கேச்டும் அமெண்டும் செய்துவிட்டு 'கிட் ரீபேஸ் --கண்டினியூ' கொடுங்கள்.

### எப்போது கையை எடுக்க வேண்டும்

அந்த கமிட் ஏற்கெனவே வேறொரு சர்வருக்கோ, சக ஊழியரின் பிராஞ்சுக்கோ போயிருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். சொந்த சர்வரில் வருடக்கணக்காக இருந்த ரெப்போவை கிட்ஹப்புக்கு மாற்றும்போது இப்படி நடக்கும். அங்கே வரம்பே இல்லாமல் ஏறிய பழைய ஃபைல்கள் எல்லாம் இங்கே வந்து முட்டும். ரெப்போவுக்குப் பொறுப்பானவரைக் கூப்பிட்டு, அறிகுறி 3-இல் 'வரலாற்றையே வெட்டுவது' என்ற பகுதியை அவரோடு உட்கார்ந்து செய்யுங்கள்.

## அறிகுறி 2: புஷ் பாதியில் அறுந்துபோகிறது

அளவைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. 'ஆர்பிசி ஃபெயில்டு', 'த ரிமோட் எண்ட் ஹங் அப் அன்எக்ஸ்பெக்டட்லி' என்று மட்டும் வரும்.

முதலில் நெட்வொர்க்கைச் சந்தேகப்படுங்கள். ஆபீஸ் வைஃபையை விட்டு மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை முயன்று பாருங்கள். அங்கே போனால் ஆபீஸ் ப்ராக்ஸிதான் (இணையத்துக்கு நடுவில் நிற்கும் ஆபீஸ் சர்வர்) காரணம். எச்டிடிபிஎஸ் முகவரியை விட்டு எஸ்எஸ்எச் முகவரிக்கு ரிமோட்டை மாற்றினாலும் பல நேரம் தீர்ந்துவிடும்.

செய்தியில் 413 என்ற எண் இருந்தால் கோளாறு உங்கள் பக்கம் இல்லை. சர்வருக்கு முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் போன்ற ஒரு வெப் சர்வர், இவ்வளவு பெரிய பொட்டலத்தை வாங்க மாட்டேன் என்கிறது. என்ஜின்எக்ஸில் 'க்ளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ்' என்ற அமைப்பை யாரும் தொடாமல் விட்டிருந்தால் வரம்பு வெறும் 1 எம்பிதான். சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் 413 என்று சொன்னாலே அவருக்குப் புரிந்துவிடும்.

எந்த எரராக இருந்தாலும் 'எச்டிடிபி.போஸ்ட்பஃபர்' அளவை 500 எம்பிக்கு ஏற்றச் சொல்லும் அறிவுரை இணையம் முழுக்கக் கிடைக்கும். துண்டு துண்டாக வாங்கத் தெரியாத சர்வருக்கோ ப்ராக்ஸிக்கோ மட்டும்தான் அது உதவும். மற்ற இடங்களில் ரேமைத் தின்பதோடு சரி. நான் அதைக் கடைசியில்தான் தொடுவேன்.

புஷ் மொத்தமும் 2 ஜிபியைத் தாண்டினாலும் கிட்ஹப் வாங்காது. அப்போது பழைய கமிட்டிலிருந்து தவணையாக அனுப்புங்கள். 'கிட் புஷ் ஆரிஜின்' என்பதற்குப் பிறகு நடுவில் உள்ள ஒரு கமிட்டின் எண், ஒரு முக்காற்புள்ளி, 'ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மெயின்'. அது ஏறியதும் அடுத்த தவணை.

'அவுட் ஆஃப் மெமரி, மேலாக் ஃபெயில்டு' என்று வந்தால் கணினியின் ரேம் போதவில்லை. 'பேக்.த்ரெட்ஸ்' 1, 'பேக்.விண்டோமெமரி' 100எம் என்று கான்ஃபிக்கில் வைத்துப் பாருங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் முடிந்துவிடும்.

## அறிகுறி 3: க்ளோன் முடிய மதியம் ஆகிறது

ரெப்போ ஃபோல்டரில் நின்று 'கிட் கவுண்ட்-ஆப்ஜெக்ட்ஸ் -விஎச்' அடியுங்கள். வருவதில் இரண்டு வரிகள் போதும்: சைஸ்-பேக், சைஸ்-கார்பேஜ்.

### கார்பேஜ் பெரியதாக இருக்கிறது

ஃபெட்ச்சோ புல்லோ பாதியில் அறுந்தபோது விட்டுப்போன மிச்சம். 'டிஎம்பி_பேக்' என்று தொடங்கும் பெயர்களில் .கிட் ஃபோல்டருக்குள் கிடக்கும். வேறு எந்த கிட் வேலையும் ஓடவில்லை என்று பார்த்துக்கொண்டு 'கிட் ஜிசி --ப்ரூன்=நவ்' கொடுங்கள். உங்கள் கணினிக் குப்பை மட்டும்தான், ரெப்போவில் கோளாறு இல்லை.

### சைஸ்-பேக் பெரியதாக இருக்கிறது

எடை வரலாற்றில் இருக்கிறது. எந்த ஃபைல் என்று பார்க்க 'கிட் ஃபில்டர்-ரெப்போ' என்ற கருவியைத் தனியாக நிறுவிக்கொண்டு 'கிட் ஃபில்டர்-ரெப்போ --அனலைஸ்' கொடுங்கள். அது எதையும் மாற்றாது, .கிட் ஃபோல்டருக்குள் அறிக்கைகளை மட்டும் எழுதிவைக்கும். அதில் 'பாத்-டெலீட்டட்-சைசஸ்' என்ற அறிக்கையை முதலில் திறங்கள். எப்போதோ டெலீட் ஆகி, எல்லோரும் மறந்துபோன, இன்றும் ஒவ்வொரு க்ளோனிலும் இறங்கிக்கொண்டிருக்கும் ஃபைல்களின் பட்டியல் அது.

நான் பார்த்த ஒரு ரெப்போவில் வேலை செய்யும் ஃபோல்டர் 90 எம்பிதான். .கிட் மட்டும் 3 ஜிபிக்கு மேல். அறிக்கையில் முதல் வரியில் ஒரு பேனர், ஃபோட்டோஷாப் ஃபைல், 52 எம்பி. 61 முறை சேவ் ஆகி 61 முறை கமிட் ஆகியிருந்தது. எழுத்தின் நிறத்தை மாற்றினாலும் கிட்டுக்கு அது கிட்டத்தட்ட புது ஃபைல்தான்.

கண்டுபிடித்துவிட்டோம் என்பதற்காக உடனே வெட்ட வேண்டியதில்லை. செலவில்லாத வழிகளை முதலில் பாருங்கள். பில்ட் எடுக்க மட்டும் வேண்டும் என்றால் 'கிட் க்ளோன் --டெப்த் 1' போதும், கடைசி நிலை மட்டும் இறங்கும். வரலாறும் வேண்டும், பழைய ஃபைல்களின் உள்ளடக்கம் வேண்டாம் என்றால் '--ஃபில்டர்=பிளாப்:நன்' சேர்த்து க்ளோன் எடுங்கள். பழைய கமிட்டுக்குப் போகும்போது தேவையானது மட்டும் அப்போது இறங்கும். டெவலப்பர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டாவதைத்தான். டெப்த் 1 எடுத்தவர், எந்த வரியை யார் எழுதியது என்று பார்க்க மறுநாளே திரும்பி வருவார்.

### வரலாற்றையே வெட்டுவது

பேனர் விஷயத்தில் நாங்கள் கடைசியில் வெட்டத்தான் வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வைத்துக்கொண்டோம்.

எல்லோரும் கையில் இருப்பதைப் புஷ் செய்துவிட்டு நிறுத்த வேண்டும். திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்களை (மாற்றங்களைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைகள்) முடித்துவிட வேண்டும். பிறகு '--மிரர்' போட்டுப் புதிதாக ஒரு க்ளோன் எடுத்து, அதற்குள் 'கிட் ஃபில்டர்-ரெப்போ --இன்வர்ட்-பாத்ஸ் --பாத்' என்று அடித்து ஃபைலின் பாதையைக் கொடுக்க வேண்டும். அளவை வைத்து வெட்ட '--ஸ்ட்ரிப்-பிளாப்ஸ்-பிகர்-தேன் 50எம்' என்றும் ஒன்று இருக்கிறது. ஆனால் அது இன்றைக்குப் பயன்பாட்டில் இருக்கும் பெரிய ஃபைலையும் சேர்த்தே வெட்டிவிடும். அந்த ஃபைல் நிஜமாகவே தேவை என்றால் முன்னாலேயே வெளியே எடுத்து வையுங்கள்.

வேலை முடிந்ததும் ரிமோட்டைக் காணோம் என்று பதறாதீர்கள். தவறிப்போய்ப் பழைய இடத்துக்கே புஷ் ஆகாமலிருக்க அந்தக் கருவி ஆரிஜினை வேண்டுமென்றே நீக்குகிறது. அளவைச் சரிபார்த்துவிட்டு நீங்களே சேர்த்துக்கொண்டு, ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் உள்ள பழைய வரலாற்றின் மேலேயே எழுதும் புஷ்) செய்யுங்கள். பழைய பதிவுகளில் 'கிட் ஃபில்டர்-பிராஞ்ச்' என்று பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள். அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று கிட்டின் சொந்தக் கையேடே சொல்கிறது.

வெட்டிய இடத்திலிருந்து பின்னால் வரும் எல்லா கமிட் எண்களும் மாறிவிடும். அதனால் டீமில் ஒவ்வொருவரும் பழைய ஃபோல்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக க்ளோன் எடுக்க வேண்டும். 'புல் பண்ணிக்கலாமா?' என்று ஒருவர் கேட்பார். கூடாது.

ரிலீஸ் டேக்குகளின் எண்களை வெளியே யாராவது நம்பியிருந்தாலோ, ரெப்போவுக்கு ஃபோர்க்குகள் (மற்றவர்கள் தங்கள் கணக்கில் எடுத்த பிரதிகள்) இருந்தாலோ, பிராஞ்சுகள் பூட்டப்பட்டிருந்தாலோ, இதைத் தனியாகத் தொடாதீர்கள். அட்மின் பக்கத்தில் இருக்க வேண்டும். கிட்ஹப்பில் பழைய புல் ரிக்வெஸ்ட்கள் பழைய கமிட்களைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவற்றை நம்மால் அழிக்க முடியாது. அங்கிருந்தும் போக வேண்டும் என்றால், உதாரணமாக அந்த டம்ப்பில் வாடிக்கையாளர் விவரம் இருந்தால், அவர்களுடைய சப்போர்ட்டுக்குத்தான் எழுத வேண்டும்.

### வெட்டியும் இளைக்கவில்லை, அல்லது மறுபடி ஊதிவிட்டது

உங்கள் கணினியில் மட்டும் இளைக்கவில்லையென்றால் ரீஃப்ளாக் (பிராஞ்சுகள் முன்பு எங்கே நின்றன என்ற கிட்டின் குறிப்பேடு) பழையதைப் பிடித்து வைத்திருக்கிறது. 'கிட் ரீஃப்ளாக் எக்ஸ்பயர் --எக்ஸ்பயர்=நவ் --ஆல்', அதற்கப்புறம் 'கிட் ஜிசி --ப்ரூன்=நவ்'. இதற்குப் பிறகு மீட்க வழி கிடையாது. காப்பி இருக்கிறதல்லவா?

சர்வரிலேயே ஊதிவிட்டது என்றால், யாரோ பழைய ஃபோல்டரிலிருந்து புல் செய்து புஷ் செய்திருக்கிறார். 'கிட் லாக்' பார்த்தால் ஒவ்வொரு கமிட் செய்தியும் இரண்டு முறை வரும், இரட்டைப் பிள்ளை மாதிரி. இரண்டும் சேர்ந்த மெர்ஜ் கமிட்டைக் கண்டுபிடித்து, அதற்கு முந்தைய நிலைக்கு மெயினைத் திருப்பி, அந்தப் பழைய ஃபோல்டரை அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். எங்களுக்குத் திங்கள்கிழமை காலை பத்தரைக்கே நடந்தது. வெள்ளிக்கிழமை லீவில் இருந்தவர்.

## அறிகுறி 4: படம் திறக்கவில்லை, ஃபைல் அளவு 130 பைட்ஸ்

அந்த ஃபைலை ஏதாவது டெக்ஸ்ட் எடிட்டரில் திறங்கள். மூன்று வரிகள் இருந்தால், முதல் வரி 'வெர்ஷன்' என்று தொடங்கி, இரண்டாவது ஒரு நீள எண்ணையும் மூன்றாவது ஓர் அளவையும் சொன்னால், கையில் இருப்பது படம் இல்லை. கிட் எல்எஃப்எஸ் என்பது பெரிய ஃபைல்களை ரெப்போவுக்கு வெளியே தனியாக வைக்கும் துணைக்கருவி. இது அதன் பாயின்டர், அதாவது ரசீது. சரக்கு இன்னும் சர்வரில் இருக்கிறது.

பைத்தானில் மாடல் ஃபைலை ஏற்றுகிறவர்களுக்கு இது வேறு வேஷத்தில் வரும்: 'அன்பிக்ளிங்எரர்: இன்வேலிட் லோட் கீ', அதற்குப் பக்கத்தில் 'வி' என்ற ஓர் எழுத்து. மாடல் கெட்டுப்போய்விட்டது என்று ஒருவர் இரவெல்லாம் மறுபடி பயிற்சி கொடுக்க விட்டிருந்தார். அந்த 'வி', வெர்ஷன் என்ற சொல்லின் முதல் எழுத்து.

பெரும்பாலும் அந்தக் கணினியில் எல்எஃப்எஸ் இல்லை என்பதுதான் காரணம். நிறுவிவிட்டு 'கிட் எல்எஃப்எஸ் இன்ஸ்டால்', பிறகு ரெப்போவுக்குள் 'கிட் எல்எஃப்எஸ் புல்'. அப்படியும் வராவிட்டால் ஃபைல் எப்படி வந்தது என்று கேளுங்கள். கிட்ஹப்பில் ஜிப்பாக டவுன்லோடு செய்தவருக்கு, ரெப்போ அமைப்பில் அதை இயக்கி வைக்காதவரை, பாயின்டர்தான் வரும். தானியங்கி பில்டிலும் இதே கதை. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் படியில் எல்எஃப்எஸ்ஸை நாமாக இயக்கினால் ஒழிய அது சரக்கை எடுக்காது. பில்ட் பச்சை காட்டும், ஆப்பில் லோகோ இருக்கும் இடம் மட்டும் காலியாக இருக்கும்.

## அறிகுறி 5: எல்எஃப்எஸ் போட்டும் புஷ் மறுக்கப்படுகிறது

எந்த ஃபைல்களை எல்எஃப்எஸ் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கும் .கிட்அட்ரிப்யூட்ஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். அது கமிட் ஆகியிருக்கிறதா? நட்சத்திரக் குறியோடு ஒரே வரியாக இருக்க வேண்டிய இடத்தில், இருக்கிற ஃபைல்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரிசையாக இருக்கின்றனவா? அப்படியென்றால் 'கிட் எல்எஃப்எஸ் ட்ராக்' அடிக்கும்போது '*.பிஎஸ்டி'யைச் (எல்லா ஃபோட்டோஷாப் ஃபைல்களும்) சுற்றி மேற்கோள்குறி போடவில்லை. டெர்மினலே நட்சத்திரத்தைப் பிரித்து, அன்றைக்கு இருந்த பெயர்களாக மாற்றிக் கொடுத்துவிட்டது. நாளைக்கு வரும் புது ஃபைல் எதுவும் அதில் சேராது.

அது சரியாக இருந்தால், ட்ராக் போட்டது கமிட்டுக்குப் பிறகு. ட்ராக் இனிமேல் ஆட் ஆகும் ஃபைலுக்குத்தான் செல்லும், பழைய கமிட்டில் ஏறியதைத் தொடாது. 'கிட் எல்எஃப்எஸ் மைக்ரேட் இம்போர்ட் --இன்க்ளூட்="*.பிஎஸ்டி"' கொடுங்கள். வேறு எதுவும் சேர்க்காவிட்டால், இருக்கும் பிராஞ்சில் இன்னும் புஷ் ஆகாத கமிட்களை மட்டும் அது மாற்றி எழுதும், யாருக்கும் தொந்தரவில்லை. '--எவ்ரிதிங்' சேர்த்தால் மொத்த வரலாறும் மாறும். அது அறிகுறி 3-இல் சொன்ன வெள்ளிக்கிழமை வேலை.

'ஷுட் ஹேவ் பீன் எ பாயின்டர், பட் வாஸன்ட்' என்று புலம்பி, எதையும் தொடாமலே கிட் ஸ்டேட்டஸில் ஒரு ஃபைல் மாறியதாகக் காட்டிக்கொண்டே இருந்தால், எல்எஃப்எஸ் இல்லாத கணினியிலிருந்து யாரோ கமிட் செய்திருக்கிறார். 'கிட் ஆட் --ரீநார்மலைஸ் .' அடித்து கமிட் செய்தால் தீரும். அவர் கணினியிலும் எல்எஃப்எஸ்ஸைப் போட்டுவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரமும் இதே வேலை.

## அறிகுறி 6: எல்எஃப்எஸ் புல் தோற்கிறது

கோட்டா (எல்எஃப்எஸ்ஸுக்கு உங்கள் கணக்கில் உள்ள அளவு) தீர்ந்துவிட்டது என்று வந்தால் அது காசு விஷயம், கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் போக வேண்டும். போவதற்கு முன்னால் தானியங்கி பில்ட் ஒவ்வொரு முறையும் மொத்தத்தையும் இறக்குகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு அங்கேதான் ஓட்டை இருந்தது, ஒருமுறை இறக்கியதைச் சேமித்து வைக்கும் கேஷ் வைத்ததும் அடைந்துவிட்டது. ரெப்போவில் ஃபைலை டெலீட் செய்தால் இடம் திரும்பக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். சர்வரில் உள்ள சரக்கு அப்படியே இருக்கும்.

'ஆப்ஜெக்ட் டஸ் நாட் எக்ஸிஸ்ட்', பக்கத்தில் 404 என்றால், ரசீது மட்டும் புஷ் ஆகியிருக்கிறது, சரக்கு ஏறவில்லை. கமிட் செய்தவரைப் பிடித்து, அவர் கணினியில் 'கிட் எல்எஃப்எஸ் புஷ் --ஆல் ஆரிஜின்' ஓட்டச் சொல்லுங்கள். தொண்ணூறு சதவீதம் அங்கேயே முடிந்துவிடும்.

அவர் லேப்டாப் ஃபார்மேட் ஆகிவிட்டது என்றால், அந்த ஃபைலை ஒருமுறையாவது எடுத்திருக்கக்கூடிய எல்லோருடைய கணினியிலும் .கிட் ஃபோல்டருக்குள் 'எல்எஃப்எஸ்/ஆப்ஜெக்ட்ஸ்' என்ற இடத்தில் தேடுங்கள். பாயின்டரின் இரண்டாவது வரியில் உள்ள நீள எண்தான் முகவரி. அதன் முதல் இரண்டு எழுத்து ஒரு ஃபோல்டர், அடுத்த இரண்டு எழுத்து அதற்குள் ஒரு ஃபோல்டர், அதற்குள் முழு எண்ணையே பெயராகக் கொண்ட ஃபைல். கிடைத்தால் அதே அடுக்கில் உங்கள் ரெப்போவுக்குள் காப்பி செய்து, மறுபடி 'கிட் எல்எஃப்எஸ் புஷ் --ஆல் ஆரிஜின்'. யாரிடமும் இல்லையென்றால் சர்வர் பேக்கப்தான் கதி, அட்மினைக் கூப்பிடுங்கள். எங்களுடையது டெஸ்டிங் டேபிளில் ஆறு மாதமாக யாரும் திறக்காத ஒரு பழைய லேப்டாப்பில் கிடைத்தது. சார்ஜரைத் தேடத்தான் அரை மணி நேரம் ஆனது.